பழ வாசம்

செல்வரட்ணம், நீ அனுப்பிய தாள்கள் வந்து சேர்ந்தன. கோடு போட்ட நல்ல தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கணக்குச் செய்துகொண்டிருக்கும் இந்த யாழ்ப்பாணத்தில் உனக்கு மட்டும் இருபது தாள் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கமாட்டேன். விசாரணைக் குழுவின் தலைவர் என்றால் எல்லாம் கிடைக்கும்போலும். வெள்ளிக்கிழமைக்குள் என் கைப்பட எழுதித் தரவேண்டும், கையெழுத்து விளங்கவேண்டும் என்று சொல்லியனுப்பினாய். மருத்துவக் கல்லூரியில் உன் கையெழுத்தை ஐந்து வருடம் பார்த்தவன் நான். இருந்தாலும் விளங்கும்படியே எழுதுகிறேன்.

உன் கேள்வி ஒன்றே ஒன்று. தவில்கார ஏரம்புவுக்குக் கந்தசட்டி விரதம் ஆறு நாளும் இன்சுலின் ஊசி போட்டாயா, இல்லையா? இப்படிக் கேட்கத் தெரிந்தவனைத்தான் குழுவுக்குத் தலைவராகப் போடுவார்கள். ஊசி போட்டேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. ஒரு வேளைகூடத் தவறவில்லை. என் டிஸ்பென்சரித் தாதி கத்தரீனாவின் கொப்பியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு உனக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை. ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஏரம்பு அளவெட்டிக்காரன். என்னைவிட நான்கு வயது மூத்தவன். நான் அவனை ‘அவன்’ என்று எழுதுவதைப் பார்த்து உன் குழுவில் இருக்கும் புதிதாகத் திருந்தியவர்கள் முகம் சுளிக்கலாம். என் அப்பா அவனுடைய அப்பனை அப்படித்தான் கூப்பிட்டார். அவன் என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டான். அதில் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. ஊரில் பீரங்கிச் செல் விழத் தொடங்கியபிறகு பெண்சாதியையும் தவிலையும் கூட்டிக்கொண்டு மானிப்பாய்ப் பக்கம் வந்து, ஒரு முருகன் கோயிலுக்குப் பின்னால் கொட்டில் போட்டு இருந்தான். 1991 பங்குனியில் முதன்முதல் என்னிடம் வந்தான். தாகம், ஓயாமல் சலம் கழிக்கவேண்டியிருக்கிறது, கால் விறைக்கிறது என்றான். அவன் சொன்னதை நான் பெரிதாகக் கேட்கவில்லை. உள்ளே வரும்போது கதவுநிலையைப் பிடித்த அவனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு கையை நீ படத்தில் மட்டுமே கண்டிருப்பாய். விரல் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய் அளவு. தாடையும் நாடியும் முன்னால் தள்ளியிருந்தன, பற்களுக்கு நடுவே இடைவெளி, உதடு தடித்து, குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

மூளைக்கு அடியில் கடலைக்கொட்டை அளவில் இருக்கும் கபச்சுரப்பியில் கட்டி. அதிலிருந்து உடம்பை வளர்க்கும் சுரப்பு, வளர்ச்சி ஓமோன், கட்டுக்கடங்காமல் வழிகிறது. வளர்ந்து முடிந்த மனிதனுக்கு அது வழிந்தால் உயரமாட்டான், கையும் காலும் முகமும்தான் பெருக்கும். கூடவே நீரிழிவும் வரும். முப்பது வருட உத்தியோகத்தில் நான் கண்ட முதல் ஆள் அவன். நீ ஒருவரையும் கண்டிருக்கமாட்டாய். கண்டிருந்தாலும் நீரிழிவு என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பாய்.

எப்போது தொடங்கியது என்று கேட்டேன். இந்தச் சனத்திடம் அப்படிக் கேட்டால் புயல் அடித்த வருடம் என்பார்கள், மாடு கன்று போட்ட மாதம் என்பார்கள். ஆனால் அவன் பெண்சாதி தங்கமுத்து அடுத்தநாள் ஒரு பழைய பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளே விரல்கூடுகள் இருந்தன. தவில்காரர் வலதுகை விரல்களில் மாட்டிக்கொண்டு அடிப்பார்களே, அவைதான். பசையில் தோய்த்த சீலைத்துண்டை விரலிலேயே சுற்றிச் சுற்றிக் காயவிட்டுக் கல்லாக்குவார்கள். வருடாவருடம் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் புதிதாகக் கட்டுவார்கள். ஏரம்புவின் குடும்பத்தில் பழையதை எறிவதில்லை. எறிந்தால் கை விளங்காமல் போய்விடும் என்று ஒரு விசர் நம்பிக்கை. அதனால் பதின்மூன்று வருடத்துக் கூடுகள், வருடத்துக்கு ஒரு துணிமுடிச்சாக, அந்தத் தகரத்துக்குள் இருந்தன.

ஒவ்வொன்றின் உள்வாயையும் அளந்தேன். 1983 வரை ஒரே அளவு. அதற்கடுத்த வருடத்திலிருந்து ஏறத் தொடங்கி, பெருவிரல் கூடு ஏழு வருடத்தில் ஆறு மில்லிமீற்றர் அகன்றிருந்தது. வரைதாளில் புள்ளி போட்டுக் கோடு இழுத்தேன். நோய் பிறந்த வருடத்தை இப்படிக் கையில் எடுத்து அளக்கும் வாய்ப்பு இங்கிலாந்தில் ஒருவனுக்கும் கிடைத்திராது. தகரத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன். பிறகு தருகிறேன் என்று சொன்னேன்.

கை பெருக்கப் பெருக்கத் தவிலில் நாதம் கூடியது என்று நாலு ஊரிலும் கதைத்தார்களாம். தங்கமுத்து அதை எனக்குப் பெருமையாகச் சொன்னாள். பிறகு விரல் விறைக்கத் தொடங்கிவிட்டது. சண்டிலிப்பாயில் ஒரு கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் அவனுக்கு அடி தவறிவிட்டது. அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய முகம் அழுதது. அவனுக்கு உயிரைப் பற்றிப் பெரிய கவலை இல்லை, விரல் திரும்பிவந்தால் போதும்.

“கொழும்புக்குப் போனா இதை வெட்டி எடுப்பினமோ ஐயா?” என்று ஒருநாள் கேட்டான்.

எடுப்பார்கள். வெளியேறப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி, என் கடிதத்தோடு போயிருந்தால் எடுத்திருப்பார்கள். நான் சொன்னது இது: “உது தலைக்குள்ளை கிடக்கிற சாமான். தொட்டால் கண் போகும். நீ இஞ்சை இரு, நான் பாக்கிறன்.” கண் போகலாம் என்பது உண்மை. நூற்றில் ஒருவருக்குப் போகலாம். ஆகையால் நான் பொய் சொன்னதாக நீ எழுதக்கூடாது.

நான் இங்கிலாந்தில் நான்கு வருடம் இருந்துவிட்டுப் பட்டம் இல்லாமல் திரும்பியதைப் பற்றி நீங்கள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கதைத்தது எனக்குத் தெரியும். படிக்கப்போய்க் குடித்துக் கெட்டான் என்று நீ சொன்னாயாம். நான் தேத்தண்ணீரைத் தவிர ஒன்றும் குடிப்பதில்லை. நடந்தது வேறு. வளர்ச்சி ஓமோன் கூடினால் இன்சுலின் ஏன் வேலை செய்வதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. இரத்தத்தில் இன்சுலின் வேண்டிய மட்டும் இருக்கும், சீனியும் இருக்கும், ஆனால் தசை அந்தச் சீனியை எடுக்காது. ஏன்? நான் சொன்ன விடை இதுதான். அந்த ஓமோன் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுகிறது. தசை அந்தக் கொழுப்பை எரித்தே வாழ்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்திருக்கிற வீட்டுக்காரன், வாசலில் சோற்றோடு வந்து தட்டுகிறவனுக்கு எழும்பிக் கதவு திறப்பானா? இன்சுலின் தட்டிக்கொண்டே நிற்கும். எனக்கு மேலிருந்த பேராசிரியர் அழகான கதை என்று சிரித்தார். ஒரு மனிதத் தசையில் காட்டு, பிறகு கதைப்போம் என்றார். மனிதரில் காட்டுவதற்கு அவர்களுடைய நெறிமுறைக் குழுவில் இருந்த ஐந்து கிழவர்கள் விடவில்லை. எலிகளோடு நான்கு வருடம் போயிற்று.

பத்து வருடம் கழித்து அந்த மனிதத் தசை தானாகவே நடந்துவந்து என் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் இடத்தில் இருந்தால் நீயும் யோசித்திருப்பாய். யோசிக்கத் தெரிந்திருந்தால்.

இனி இன்சுலின் கதைக்கு வருகிறேன். கரண்ட் இல்லாத ஊரில் அதை எப்படி வைத்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். ஒரு பெரிய மண்முட்டிக்குள் ஈரமணல், அதற்குள் போத்தல்கள், மேலே நனைத்த சாக்கு. வீடுகளில் வைக்கக் குளிர்ச்சி இல்லாதவர்கள் போத்தலை என் டிஸ்பென்சரி முட்டியில் விட்டுவிட்டு, காலையும் பின்னேரமும் வந்து ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு போத்தலிலும் பிளாஸ்ரர் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். கப்பல் வந்தால் இன்சுலின் வரும். வராவிட்டால் இல்லை. ஏரம்புவுக்கு ஒரு நாளைக்கு நூற்றறுபது யுனிற் வேண்டியிருந்தது. அதாவது ஒரு போத்தல் ஆறு நாளுக்குத்தான் காணும். நவாலியில் கனகாம்பிகை என்று ஒரு பிள்ளை இருந்தாள், பதினான்கு வயது, மெலிந்த பிள்ளை. அவளுக்கு ஒரு போத்தல் ஐந்து கிழமைக்குப் போதும்.

இதை நீ உன் குழுவில் நிதானமாக வாசித்துக் காட்டவேண்டும். ஐம்பத்தெட்டு வயதுத் தவில்காரன் ஒருவன், தசை வாங்கிக்கொள்ளாத மருந்தை ஆறு நாளுக்கு ஒரு போத்தலாக ஊற்றிக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கம் வாழவேண்டிய பிள்ளைகள் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. எந்தப் போத்தல் யாருக்குப் போகவேண்டும் என்று ஒருவன் முடிவுசெய்யத்தான் வேண்டும். உன்னைப் போன்றவர்கள் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போவீர்கள். நான் முடிவுசெய்தேன்.

1992 ஐப்பசி. தீபாவளிக்கு ஒரு கிழமை முந்தி ஏரம்பு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கந்தசட்டி விரதம் பிடிக்கலாமோ என்று கேட்டான். முந்தின வருடம் நான்தான் வேண்டாம் என்று தடுத்திருந்தேன். இம்முறை ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் என்று நேர்ந்துவிட்டானாம். முருகன் விரலைத் திருப்பித் தருவாராம். நீரிழிவுக்காரன் ஆறு நாள் பட்டினி கிடப்பதாவது என்று நீ சொல்வாய். எனக்கு அது வேறுவிதமாகப் பட்டது. பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பைத்தான் எரிக்கும். இன்சுலினும் இல்லை என்றால் வளர்ச்சி ஓமோனுக்கு எதிர்க்கை இல்லை. தசைக்குள் அப்போது என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இப்படியொரு பரிசோதனையை அந்த ஐந்து கிழவர்களும் கனவிலும் அனுமதித்திருக்கமாட்டார்கள். கந்தசட்டி அனுமதித்தது.

“பிடி. ஊசியை நான் சரிக்கட்டுறன்” என்றேன். கும்பிட்டான்.

அந்த ஆறு நாளும் அவன் பெயர் ஒட்டியிருந்த போத்தலில் இருந்தது காய்ச்சி ஆறவைத்த கிணற்றுத் தண்ணீர். அவனுக்குப் போடும் இன்சுலின் கண்ணாடிபோலத் தெளிந்த வகை என்பதால் பார்வைக்கு வித்தியாசம் இல்லை. ஏற்றும்போது எரியாமல் இருக்க ஒரு துளி உப்பும் சேர்த்தேன். இதையெல்லாம் யாரும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். அவனுடைய பங்கில் இருந்த மூன்று நல்ல போத்தல்களை எடுத்து வைத்துவிட்டேன்.

அவனைக் கொல்ல நான் நினைக்கவில்லை. இதைக் கவனமாக எழுதிக்கொள். தசை வாங்காத மருந்தை நிறுத்துவதால் தசைக்கு நட்டம் இல்லை. கொழுப்பு வெள்ளம் ஈரலுக்கும் போகும், ஈரல் அதை அமிலமாக்கும், அமிலம் கூடினால் ஆள் மயங்குவான் என்பது மூன்றாம் வருட மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆறு நாளுக்குள் அந்த அளவுக்கு வராது என்று மதிப்பிட்டேன். ஏழாம் நாள் விரதம் முடிக்கும் பாறணைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரட்டிப்பு இன்சுலின் போட்டு, தசை திரும்புகிறதா என்று பார்ப்பதாக இருந்தது. ஒழுங்கான பரிசோதனைக்கு இரண்டு பாதியும் வேண்டும்.

தொடைத்தசையில் ஒரு நெல்லளவு துண்டு மூன்று தடவை எடுப்பது என்று திட்டம். விரதத்துக்கு முதல்நாள், நான்காம் நாள், ஆறாம் நாள். காலில் இரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனை என்று அவனுக்குச் சொன்னேன். விறைக்கப்பண்ணும் மருந்து கொஞ்சம் இருந்தது, ஆனால் அது பல்லுப் பிடுங்க வருகிறவர்களுக்குத் தேவை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். தவிலடித்துப் பழகிய உடம்பு, தாங்கும். முடிந்ததும் என்னைக் கும்பிட்டுவிட்டு நொண்டிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் கத்தரீனா வந்தாள். பதினொரு வருடமாக என்னிடம் வேலை செய்கிறவள், நாவாந்துறைக்காரி, சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரி. நோயாளிகளின் சலத்தை நீல மருந்தோடு கொதிக்கவைத்துச் சீனி பார்ப்பது அவள் வேலை. பச்சையானால் கொஞ்சம் சீனி, செங்கட்டி நிறமானால் நிறையச் சீனி.

“டொக்ரர், ஏரம்பண்ணைக்கு மூண்டு நாளாச் செங்கட்டி நிறம். நூற்றறுபது யுனிற் போற மனிசனுக்கு, சாப்பாடும் இல்லை, ஏன் ஒருக்காலும் பச்சை வரேல்லை?”

“விரதத்திலை அப்பிடித்தான் காட்டும். நீர் வேதக்காரி, உமக்கு உது விளங்காது.”

அவள் குழாயைக் கழுவி வைக்கப் போனாள். அவள் ஏரம்பண்ணை என்று சொல்வதும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அவள் தனக்கென்று வேறு ஒரு கொப்பியில் நிறங்களை எழுதத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கொப்பிதானே உன் மேசையில் கிடக்கிறது.

நான்காம் நாள் எடுத்த துண்டைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். ஐஸ் இல்லாததால் மெல்லியதாகச் சீவ முடியாது. ஊசிமுனையால் நார் நாராகப் பிரித்து, கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயத்தில் ஊறவைத்து, முற்றத்தில் நுணுக்குக்காட்டியை வைத்து, கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன். முதல் துண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கொழுப்புத்துளிகள் இப்போது ஒவ்வொரு நாரிலும் வரிசை வரிசையாக நின்றன, சிவந்து, குன்றிமணி கோத்ததுபோல. நான் சொன்னதேதான். தசை கொழுப்பால் நிறைந்து கிடந்தது. நான் அன்று சந்தோஷமாக இருந்தேன், செல்வரட்ணம். இங்கிலாந்திலிருந்து வந்தபிறகு அப்படி ஒருநாள் இருந்ததில்லை. முற்றத்தில் தனியே இருந்து சிரித்தேன். கூப்பிட்டுக் காட்டுவதற்கு இந்தக் குடாநாடு முழுவதிலும் விளங்கக்கூடிய ஒரு மனிதனும் இருக்கவில்லை. உன் நினைவும் வந்தது. தவளையின் இதயத்தைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியாதவன் என்ற நினைவும் கூடவே வந்தது.

ஐந்தாம் நாள் காலை தங்கமுத்துதான் முதலில் உள்ளே வந்தாள். குளித்து, திருநீறு பூசி, முகமெல்லாம் பூரிப்பு.

“ஐயா, இவரின்ரை வாயிலை பழ வாசம் வீசுது. நாலு நாளாய் ஒரு பழம் தொடேல்லை. கிட்டப்போனால் பழுத்த பழம் மாதிரி மணக்குது. முருகன் வந்திருக்கிறார் எண்டு கோயிலடியிலை எல்லாரும் சொல்லினம்.”

அமிலம் ஏறிய இரத்தம் மூச்சில் அப்படித்தான் மணக்கும். நீயும் படித்திருக்கிறாய். கோயிலடியில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவன் முகத்துக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். பழத்துக்காக உலகம் சுற்றின கடவுளல்லவா, பக்தன் வாயில் பழம் மணக்கச் செய்துவிட்டார் என்று ஐயரே சொன்னாராம். தாகம் விரதத்தால், சோர்வு விரதத்தால், வயிற்றுநோ விரதத்தால், வாசம் முருகனால். ஊரிலே ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. இந்தச் சனத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்யமுடியாது?

“ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

கத்தரீனாவுக்கு மட்டும் முருகனோடு சம்பந்தம் இல்லை. தங்கமுத்து போனதும் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். “மிளகும் தண்ணியும் குடிக்கிற மனிசன்ரை வாயிலை எப்பிடி டொக்ரர் பழம் மணக்கும்?” என்று கேட்டாள். நான் அவளைக் காயம் கட்டும் சீலை மடிக்கப் போகச் சொன்னேன்.

ஆறாம் நாள் பின்னேரம் சூரன்போர். நானும் போனேன். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தேர்முட்டிப் பக்கம் நின்றேன். ஏரம்பு வாசிக்கத்தான் போகிறேன் என்று அடம்பிடித்து வந்திருந்தான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டுவந்து இருத்தினார்கள். சூரன் தலை மாற்றிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஓட, இவன் தவிலை அடித்தான். சும்மா சொல்லக்கூடாது, அடித்தான். மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, பட்டறைத் துருத்திபோல் போய்க்கொண்டிருந்தது. என் கைக்கடிகாரத்தில் எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. சுற்றி நின்றவர்கள் முருகன் உரு வந்துவிட்டது என்று அரோகரா சொன்னார்கள். என் இன்சுலின் முட்டி சைக்கிளில் எட்டு நிமிட தூரத்தில் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. எட்டு நிமிடத்தில் ஒருவன் நல்ல போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். ஆனால் மூன்றாவது துண்டு இன்னும் எடுக்கவில்லை. இன்சுலின் உள்ளே போனால் பார்க்கவேண்டியது கலைந்துவிடும்.

சூரன் மாமரமாகி விழுந்தபோது இவனும் தவில்மேலே சரிந்தான். தண்ணீர் தெளித்தார்கள், திருநீறு பூசினார்கள். விரதக் களை, ஒன்றுமில்லை, டிஸ்பென்சரிக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். கைவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கட்டிலில் கிடத்தியதும் நான் தொடையில் மருந்து பூசித் துடைத்தேன். கத்தரீனா என் கையைப் பிடித்தாள். பதினொரு வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அந்த ஒருமுறைதான்.

“முதல் இன்சுலினைப் போடுங்கோ டொக்ரர். மனிசன் போகப்போகுது.”

துண்டை எடுத்தேன். ஊசி மொட்டையாகிவிட்டதால் ஒன்பது நிமிடம் சென்றது. ஏரம்பு அந்த நேரம் வலி அறியும் நிலையில் இல்லை. பிறகு இன்சுலின் போட்டேன். நல்ல இன்சுலின், என் கையிருப்பிலிருந்து. இதையும் எழுதிக்கொள். விடியற்காலை, பாறணைக்கு அடுப்பு மூட்டுகிற நேரத்தில், செத்துப்போனான்.

தங்கமுத்து அழுததைவிடக் கும்பிட்டதுதான் அதிகம். கந்தசட்டி முடித்து முருகனடி சேர்ந்த மனிதன் என்று ஊரே வந்து பார்த்தது. அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த விரல்கூட்டுத் தகரத்தைத் தந்தால் நெஞ்சில் வைத்து எரிக்கலாம் என்றாள். அது நோய் தொடங்கிய காலத்துக்கு எனக்கிருக்கும் ஒரே அத்தாட்சி. தேடிப் பார்க்கிறேன் என்றேன். கடைசியாக அவன் போட்டிருந்த கூடுகளோடு எரித்தார்கள்.

கத்தரீனா அன்றைக்கே ஏரம்புவின் பெயர் ஒட்டிய போத்தலை முட்டியிலிருந்து எடுத்து மூடியைக் கழற்றி மோந்து பார்த்தாளாம். இன்சுலினுக்கு ஆஸ்பத்திரி மணம் ஒன்று உண்டு, கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தின் மணம். அதில் ஒரு மணமும் இருக்கவில்லை. அவ்வளவுதான் அவளுடைய துப்பறிவு. ஊர் முழுக்க மூக்கை வைத்தது, இவள் மூக்குத்தான் வேலை செய்தது. அவளில் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் பழகியதால் வந்த கூர்மைதான் அது.

ஆகையால் உன் கேள்விக்கு முழுப் பதில்: ஊசி போட்டேன், இன்சுலின் போடவில்லை. தெரிந்தே செய்தேன். என் கணிப்பு ஒரு நாளால் பிசகிவிட்டது. மூன்றாவது துண்டில் துளிகள் இன்னும் பெருகியிருந்தன. மூன்று கண்ணாடித் தகடுகளும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பேராசிரியருக்கு எழுத ஒரு கடிதமும் பாதி எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தை வாசித்து உன் குழு என்ன தீர்ப்புச் சொன்னாலும், நான் ஓர் உபயோகமில்லாத மனிதனை எடுத்து இரண்டு உபயோகமான காரியம் செய்தேன் என்பதை ஒருவராலும் மறுக்கமுடியாது. ஒன்று அறிவு. மற்றது அந்த மூன்று போத்தல்கள்.

போத்தல்கள் யாருக்குப் போயின என்று நீ கேட்கவில்லை. கத்தரீனாவும் கேட்கவில்லை. கனகாம்பிகையைப் போன்ற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் அவள் உனக்கு எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்தில் என்னை முழுதாகத் திட்டவில்லை என்று நினைக்கிறேன். உனக்கு எப்படியும் அந்தக் கேள்வி தோன்றாது. ஆனால் முழுமையாக எழுதச் சொன்னாய்.

கந்தசட்டி நான்காம் நாள் மத்தியானம், நான் முற்றத்தில் நுணுக்குக்காட்டியோடு இருந்தபோது, கனகாம்பிகையின் தகப்பன் சைக்கிளில் வந்தார். பொம்பர் விமானம் சுற்றியபோது பங்கருக்குள் ஓடுகையில் பிள்ளையின் போத்தல் விழுந்து உடைந்துவிட்டது, வேறொன்று தர ஏலுமோ என்று படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மூன்றும் அப்போது என் வீட்டுக் கிணற்றடி முட்டியில் இருந்தன. இல்லை, கப்பல் வரட்டும் என்றேன். பாறணைக்குப் பிறகு ஏரம்புவுக்கு இரட்டிப்பாகப் போடவேண்டியிருந்தது. ஏரம்பு செத்த மறுநாளும் அவர் வந்தார். அப்போதும் இல்லை என்றேன். கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டிவரும். இன்னொரு பெரிய கைக்காரன் எப்போதாவது வந்தாலும் வரலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை செத்துப்போனாள். செத்தவீட்டுக்கு நான் போனேன்.

ஏரம்புவுக்குக் கடைசியில் போட்டது போக மிச்சமெல்லாம் இன்னும் அந்த ஈரமணலில் இருக்கிறது, நாள் கடந்துவிட்டது. நீ ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். கனகாம்பிகைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நான் என்னையே கேட்டுப் பார்த்தேன், செல்வரட்ணம். அவளுக்கு வந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற சாதாரண நீரிழிவு. அதில் நான் புதிதாக அறிவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.